மிதித்தவர்களின் பெயர்: வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாறு

வாக்கர் என்பது இங்கிலாந்தில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்று. இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்த பட்டியலில் அது முதல் இருபது இடங்களுக்குள் வரும். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்பெயர் கொண்டோர் ஏராளம். 'வாக்' என்றால் நட என்று அறிந்தவர்கள் வாக்கர் என்பதற்கு நடப்பவர், ஊர் சுற்றுபவர், காவலுக்கு வலம் வருபவர் என்று பொருள் கொள்வது இயல்பு. ஆனால் இந்தப் பெயர் பிறந்த காலத்து வாக்கர் நாள் முழுதும் கால் நோக மிதித்தும் ஒரு முழம்கூட நகர்ந்ததில்லை. அவர் நின்றது ஒரு தொட்டிக்குள். காலடியில் கிடந்தது தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி.

அதே வேலையைச் செய்தவருக்கு நாட்டின் வேறு வட்டாரங்களில் ஃபுல்லர் என்றும் டக்கர் என்றும் பெயர். மூன்று சொற்களும் இன்று குடும்பப் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. எனவே வாக்கரின் வரலாறு மற்ற இரண்டு பெயர்களின் வரலாற்றோடு பிணைந்தது.

தறிக்குப் பின் நடந்த வேலை

தறியிலிருந்து அறுத்தெடுத்த கம்பளித் துணி உடனே உடுத்தத் தக்கதாக இருக்காது. பாவும் ஊடையும் இடைவெளி விட்டுத் தளர்ந்து கிடக்கும். குளிரையும் மழையையும் தடுக்காது. ஆட்டு மயிரில் இயல்பாக உள்ள கொழுப்போடு, நூற்கும்போது இழை அறாமலிருக்கப் பூசிய எண்ணெயும் சேர்ந்து துணி பிசுபிசுக்கும். இந்த இரண்டு குறைகளையும் ஒருசேரத் தீர்ப்பதே துணி மிதிப்பவரின் வேலை.

நீளமான தொட்டியில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் நாள்பட்ட சிறுநீரை ஊற்றுவார்கள். சிறுநீர் புளிக்கும்போது உண்டாகும் அமோனியா கொழுப்பைக் கரைக்கும். சிறுநீரை வீடு வீடாகச் சேகரித்து வந்தார்கள். அடுத்து ஒரு வகைக் களிமண்ணைக் குழைத்துப் போடுவார்கள். எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புள்ள அந்த மண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்லரின் மண்' என்றே பெயர். தமிழர் வீடுகளில் முகத்தில் பூசும் முல்தானி மட்டி அதே வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து நட்ஃபீல்டு, பெட்ஃபர்ட்ஷயரின் வோபர்ன், சாமர்செட்டில் பாத் நகரைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் அது வெட்டியெடுக்கப்பட்டது. கம்பளித் தொழிலுக்கு அது அவ்வளவு இன்றியமையாததாக இருந்ததால், 17ஆம் நூற்றாண்டில் ஆட்டு மயிரோடு சேர்த்து அந்த மண்ணையும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை இருந்தது.

இந்தக் கலவையில் துணியை மணிக்கணக்கில் மிதிப்பார்கள். ஆட்டு மயிரின் மேல்தோல் நுண்ணிய செதில்களால் ஆனது. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது ஓர் இழையின் செதில் மற்றோர் இழையின் செதிலில் மாட்டிக்கொண்டு பின்வாங்காது. மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கி, இடைவெளி அடைத்து, தடித்துப்போகும். தறியில் இருந்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடுவதும் உண்டு. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, வெட்டவெளியில் நட்ட நீண்ட மரச்சட்டங்களில் வளைந்த ஆணிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு 'டென்டர்' என்று பெயர். பதற்றத்தோடு காத்திருப்பவரை 'டென்டர் கொக்கியில் தொங்குகிறார்' என்று ஆங்கிலத்தில் சொல்வது இதிலிருந்து வந்த வழக்கு. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் 'டென்டர் கிரவுண்ட்' என்ற தெருப்பெயர் இன்றும் உண்டு. காய்ந்த துணியின் மேல் முள் நிறைந்த ஒரு செடியின் உலர்ந்த பூந்தலையால் தேய்த்து மென்மயிர் எழுப்பி, பெரிய கத்தரிக்கோலால் சீராக வெட்டினால் துணி விற்பனைக்குத் தயார். வெட்டியவர் ஷியர்மன்; ஷெர்மன் என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து பிறந்தது.

வில்லியம் லாங்லாண்ட் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய 'பியர்ஸ் பிளௌமன்' என்ற நெடுங்கவிதை இந்தப் படிகளையெல்லாம் வரிசையாகச் சொல்கிறது. தறியிலிருந்து வந்த துணி மிதிபட்டு, அலசப்பட்டு, முள்ளால் கீறப்பட்டு, இழுத்துக் கட்டப்படும்வரை உடுத்தத் தகாது என்பதை, ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு அவர் உவமையாக்குகிறார். வாசகர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அன்றைய இங்கிலாந்தில் இந்த வேலை தெரிந்த ஒன்றாக இருந்தது.

ஒரு வேலை, மூன்று சொல்

ஃபுல்லர் என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'ஃபுல்லோ'. ரோமாபுரியில் அத்தொழிலுக்கெனத் தனிப் பட்டறைகள் இருந்தன. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் அத்தகைய பட்டறைகளின் மிதிதொட்டிகளை இன்றும் காணலாம். பேரரசர் வெஸ்பாசியன் சிறுநீருக்கு வரி விதித்த கதையும் இத்தொழிலோடு தொடர்புடையது. இலத்தீன் சொல் நார்மன் படையெடுப்புக்கு முன்பே பழைய ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. 1066க்குப் பின் வந்த நார்மன் பிரெஞ்சு மொழியிலும் அதே வேரில் பிறந்த சொல் இருந்ததால், ஆட்சியாளர் செல்வாக்கு மிகுந்த தெற்கிலும் கிழக்கிலும் அது வலுப்பெற்றது.

வாக்கர் முழுக்க முழுக்க ஜெர்மானியச் சொல். பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்றால் உருட்டு, புரட்டு, அலைக்கழி என்று பொருள். 'வெயல்கெரெ' என்றால் துணியைப் புரட்டி மிதிப்பவர். இன்றைய ஜெர்மன் மொழியிலும் 'வால்கன்' என்பது துணி மிதிக்கும் வேலையைக் குறிக்கும். இத்தாலியர்கள் இதே ஜெர்மானிய வேரைக் கடன் வாங்கி, துணி மிதிக்கும் ஆலையை 'குவால்கியேரா' என்றார்கள். ஆங்கிலத்தில் மட்டும் அந்த வினைச்சொல், புரள்வதிலிருந்து அங்குமிங்கும் போவதற்கும், அதிலிருந்து காலால் நடப்பதற்கும் மெல்ல மெல்ல நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் நடப்பது என்ற பொருள் வேரூன்றியது. மொழி பழைய பொருளை மறந்துவிட்டது. குடும்பப் பெயர் மறக்கவில்லை.

டக்கர் பிறந்தது 'டூகியன்' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து. அதற்கு வதை, துன்புறுத்து என்று பொருள். துணியை அடித்து உதைத்து இழுப்பவரைக் குறிக்க அது பொருத்தமான சொல்லாக அமைந்தது. சட்டையை உள்ளே செருகுவதைக் குறிக்கும் இன்றைய 'டக்' அதன் வழித்தோன்றல்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் விக்ளிஃப்பைப் பின்பற்றியவர்கள் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, மாற்கு நற்செய்தியில் இயேசுவின் ஆடை வெளுத்ததைச் சொல்லும் இடத்தில் ஃபுல்லர், வாக்கர் ஆகிய இரண்டு சொற்களையும் அருகருகே வைத்தார்கள். எந்த வட்டாரத்தவர் படித்தாலும் விளங்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. அதே இடத்தில் தமிழ் விவிலியம் 'வண்ணான்' என்ற சொல்லை ஆள்கிறது. ஏசாயா நூலில் வரும் ஃபுல்லரின் வயல் தமிழில் 'வண்ணார் துறை' ஆகிறது. பண்டைய மேற்காசியாவிலும் ரோமாபுரியிலும் உடுத்த துணியை வெளுத்தவரும் இத்தொழிலாளரே என்பதால் அந்த மொழிபெயர்ப்பு சரியானது. இடைக்கால இங்கிலாந்தின் வாக்கரோ பெரும்பாலும் புதுத்துணியோடு உறவுடையவர். நெசவாளருக்கும் தையற்காரருக்கும் இடையில் நின்றவர்.

பட்டப்பெயர் குடும்பப் பெயரானது

நார்மன் வெற்றிக்கு முன் இங்கிலாந்தில் ஒருவருக்கு ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. பழைய ஆங்கிலப் பெயர்கள் பலவகைப்பட்டவை. நார்மன்கள் வந்தபின் அவை வழக்கொழிந்து, ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற சில பெயர்களே ஊரெங்கும் நிறைந்தன. ஒரு சிற்றூரில் பத்து ஜான்கள் இருந்தால் வரி எழுதுபவருக்கும் பண்ணை நீதிமன்றத்து எழுத்தருக்கும் தலைவலி. ஆகவே பெயரோடு ஓர் அடையாளமும் சேர்த்து எழுதினார்கள். தந்தை பெயர், குடியிருக்கும் இடம், உடல் அல்லது குணத்தால் வந்த பட்டப்பெயர், தொழில் ஆகிய நான்கு வகைகளில் அந்த அடையாளம் அமைந்தது. 'துணி மிதிக்கும் ஜான்' நான்காம் வகை.

தொடக்கத்தில் இது அந்த ஆளோடு முடிந்துவிடும். மகன் தச்சனானால் அவன் பெயர் கார்பென்டர். நிலவுடைமைக் குடும்பங்களில் 12ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பரம்பரையாக இறங்கத் தொடங்கியது. சொத்துரிமைக்கு அது உதவியது. எளிய மக்களிடையே தெற்கு இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளும், வடக்கில் இன்னும் சில தலைமுறை கழித்தும் வழக்கம் நிலைபெற்றது. வாக்கர், ஃபுல்லர், டக்கர் மூன்றும் 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே காணப்படுகின்றன.

1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரி இந்த ஆய்வுக்குப் பெரிய கொடை. முதல் தலைவரியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் 4 பென்ஸ் கட்ட வேண்டும். 1381இன் வரி மக்களைக் கிளர்ச்சிக்கே தள்ளியது. ஆனால் வரிப் பட்டியல்கள் எளிய மக்களின் பெயர்களை ஊர் வாரியாகப் பாதுகாத்துத் தந்தன. சில மாவட்டங்களின் பட்டியலில் பெயரோடு தொழிலும் தனியே குறிக்கப்பட்டிருப்பதால், பெயரும் தொழிலும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிந்துவிட்டன என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத்தர்கள் இலத்தீனில் எழுதினார்கள். ஊரார் வாக்கர் என்று அழைத்தவரும் டக்கர் என்று அழைத்தவரும் ஏட்டில் 'ஃபுல்லோ' ஆகிவிடுவர்.

பெயர் தொழிலைவிட்டு விலகியதற்கு ஒரு சட்டமே சான்று. 1413இல் ஐந்தாம் ஹென்றியின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம், வழக்கில் பிரதிவாதியாகக் குறிக்கப்படுபவரின் பெயரோடு அவருடைய தகுதி, தொழில், வசிப்பிடம் ஆகியவற்றையும் எழுத வேண்டும் என்றது. டெய்லர் என்ற பெயரைப் பார்த்து ஒருவரைத் தையற்காரர் என்று எடுத்துக்கொள்ள முடியாத நிலை அதற்குள் வந்துவிட்டது. 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடு தொடங்கியபோது, குடும்பப் பெயர் மாறாமல் நிற்பது இன்னும் உறுதியாயிற்று.

காலுக்குப் பதில் சுத்தியல்

இந்தப் பெயர்கள் குடும்பங்களோடு ஒட்டிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், மிதிக்கும் வேலையே காலைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆற்று நீரால் சுழலும் சக்கரத்தோடு ஓர் உருளைக் கட்டையை இணைத்து, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் இரண்டு கனமான மரச் சுத்தியல்களை மாறி மாறித் தூக்கி விடும்படி அமைத்தார்கள். சுத்தியல் தொட்டியிலுள்ள துணிமேல் விழும். சுத்தியலின் தலை படிக்கட்டுப்போல் செதுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வோர் அடிக்கும் துணி சற்றே புரண்டு, எல்லாப் பக்கமும் ஒரேபோல் அடிபடும். தொட்டிக்குள் நின்ற பலருடைய வேலையை ஒருவர் மேற்பார்வையில் சக்கரம் முடித்தது. நூற்பதும் நெய்வதும் இயந்திரத்துக்குப் போக இன்னும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தபோதே, கம்பளித் தொழிலின் இந்த ஒரு படி மட்டும் முந்திக்கொண்டது.

இங்கிலாந்தில் அத்தகைய ஆலைகளைப் பற்றிய மிகப் பழைய சான்று 1185ஆம் ஆண்டினது. டெம்ப்ளர் எனப்பட்ட துறவுப் படையினர் தம் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரின் நியூசமிலும் காட்ஸ்வோல்ட் மலைப்பகுதியின் பார்ட்டனிலும் ஆலைகள் இருந்ததைக் குறித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்களும் மடங்களும் போட்டிபோட்டு ஆலை கட்டினர். கட்டியவர் தம் குடிகள் அங்கேதான் துணியைக் கொண்டுவர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார், கட்டணம் அவருக்கு. செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் வீட்டிலேயே துணி மிதித்த நகரத்தாருக்கும் மடாதிபதிக்கும் இடையே 1274இல் பெரும் வழக்கு மூண்டது. லண்டனில் காலால் மிதிப்பவர்கள், துணிகள் நகருக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபர்டு ஆலைகளுக்குப் போய்விடுகின்றன என்று முறையிட்டனர். 1298இல் அதைக் கட்டுப்படுத்த நகராட்சி விதி பிறந்தது. பிழைப்பு பறிபோகிறது என்ற குரல் நீராவி எந்திரத்துக்கு மிக முன்பே அங்கே எழுந்துவிட்டது.

எலினோரா கேரஸ்-வில்சன் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1941இல் வெளியிட்ட கட்டுரையில் இதை '13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி' என்றார். வேகமாக ஓடும் நீரைத் தேடி, துணித்தொழில் கிழக்குச் சமவெளியின் பழைய நகரங்களை விட்டு மேற்கிலும் வடக்கிலும் உள்ள மலையடிவாரக் கிராமங்களுக்குப் பெயர்ந்தது என்பது அவர் வாதம். மிதிப்பது பல படிகளுள் ஒன்றுதான், அதனால் மட்டும் ஒரு தொழில் முழுதும் இடம்பெயர்ந்திருக்காது, நகரத்துக் கூலியும் சங்கக் கட்டுப்பாடுகளும் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். யார்க்ஷயர், காட்ஸ்வோல்ட், டெவன் பகுதிகள் பின்னாளில் கம்பளித் தொழிலின் நெஞ்சாயின என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அங்கே ஆலையைப் பார்த்துக்கொண்டவரும் வாக்கர், டக்கர் என்றே அழைக்கப்பட்டார். கால் படாத வேலைக்கும் காலால் வந்த பெயர் நிலைத்தது.

பெயர்கள் வரைந்த நாட்டுப்படம்

மூன்று பெயர்களும் நாடெங்கும் சமமாகக் கலந்து கிடக்கவில்லை. ஃபுல்லர் தென்கிழக்குக்கும் கிழக்குக்கும் உரியது. கென்ட், சசெக்ஸ், எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில் நெருக்கமாக வழங்குவது. டக்கர் தென்மேற்குக்கு உரியது. டெவனும் சாமர்செட்டும் அதன் தாயகம். வாக்கர் வடக்குக்கும் மிட்லண்ட்ஸ் பகுதிக்கும் உரியது. யார்க்ஷயரும் லங்காஷயரும் அதன் கோட்டைகள். 1890இல் ஹென்றி பிரௌம் கப்பி என்பவர், தலைமுறை தலைமுறையாக ஊரைவிட்டு அசையாதவர்கள் விவசாயிகளே என்று கருதி, அவர்கள் பெயர்ப் பட்டியலை மாவட்ட வாரியாக எண்ணி ஒரு நூல் எழுதினார். இத்தகைய வட்டார வேறுபாடுகளை முறையாகக் காட்டிய முன்னோடி நூல் அது. ஆறு நூற்றாண்டுக்கு முன் எந்த மாவட்டத்தார் எந்தச் சொல்லைப் பேசினார்கள் என்பதற்குப் பல இடங்களில் இந்தப் பெயர்களே சாட்சி.

கம்பளித் தொழிலின் மற்றப் பெயர்களிலும் இதே போக்கு உண்டு. நெசவாளர் தெற்கில் வெப், வடக்கில் வெப்ஸ்டர். சாயம் தோய்ப்பவர் தெற்கில் டயர், யார்க்ஷயரில் லிஸ்டர். டெவன் மாவட்டத்தில் வழங்கும் டோசர் என்ற பெயர் கம்பளியைச் சிக்கெடுத்தவருடையது.

ஊர்ப்பெயர்களும் இந்தப் பிரிவினையை ஒட்டியே அமைந்தன. துணி மிதிக்கும் ஆலை தெற்கில் 'ஃபுல்லிங் மில்', தென்மேற்கில் 'டக்கிங் மில்', வடக்கில் 'வாக் மில்'. கார்ன்வாலில் கேம்போர்ன் அருகே டக்கிங்மில் என்றே ஓர் ஊர் உண்டு. லங்காஷயரில் பர்ன்லி அருகே வாக் மில் உண்டு. டெவனின் தலைநகரான எக்சிடரில் இரண்டு சொற்களும் ஒரே கட்டடத்தில் சந்திக்கின்றன. நெசவாளர், துணி மிதிப்பவர், வெட்டுபவர் ஆகியோரின் சங்கம் 1471இல் எழுப்பிய மண்டபத்தை ஊரார் 'டக்கர்ஸ் ஹால்' என்றார்கள். சங்கத்தின் எழுத்து வழக்குப் பெயரிலோ இருப்பது ஃபுல்லர். தெருவின் பேச்சு ஒன்று, பத்திரத்தின் சொல் வேறொன்று. லண்டனில் 1480இல் உரிமைப் பட்டயம் பெற்ற ஃபுல்லர் சங்கம் 1528இல் ஷியர்மன் சங்கத்தோடு இணைந்து கிளாத்வொர்க்கர்ஸ் கம்பெனியாயிற்று. அந்நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

ஸ்காட்லாந்தில் துணி மிதிப்பது 'வாக்கிங்' என்றே வழங்கியது. மேற்குத் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஈரத்துணியைக் கையால் அடித்துப் புரட்டிக்கொண்டே பாடிய கேலிக் மொழிப் பாட்டுகள் 20ஆம் நூற்றாண்டுவரை உயிரோடு இருந்தன. மேட்டுநிலத்தில் 'துணி மிதிப்பவரின் மகன்' என்று பொருள்படும் கேலிக் பெயர் கொண்டோர் பலர், ஆங்கில வழக்குக்கு மாறியபோது தம் பெயரை மொழிபெயர்த்து வாக்கர் ஆனார்கள்.

வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்குப் 'பண்டி' என்று பெயர். அந்நாட்டில் பண்டி என்ற சிற்றூர்கள் பல. 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் உலகறிந்த டோனிபண்டி, 'ஆலையருகே உள்ள புல்வெளி' என்ற பொருளுடைய ஊர். ஆனால் அத்தொழிலைக் குறிக்கும் வேல்ஸ் சொல் குடும்பப் பெயராகப் பரவவே இல்லை. வேல்ஸ் மக்கள் 16ஆம் நூற்றாண்டுக்குப் பின்னும் தந்தை பெயரையே அடையாளமாகக் கொண்டிருந்தனர். நிலைத்த குடும்பப் பெயர் வந்தபோது ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்று அதுவே உறைந்தது. இங்கிலாந்தில் ஆளின்மேல் நின்ற தொழில், வேல்சில் மண்ணின்மேல் நின்றது.

விதிவிலக்குகள்

வாக்கர் எல்லாரும் துணி மிதித்தவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நியூகாசில் நகரின் ஒரு பகுதிக்கு வாக்கர் என்று பெயர். ஹேட்ரியன் பேரரசர் எழுப்பிய மதிலையொட்டிய சதுப்பு நிலம் என்பது அதன் பொருள். அந்த ஊரால் பெயர் பெற்ற சிலரும் உண்டு. ஜெர்மனியிலிருந்து குடியேறிய, ஒலி ஒத்த வேறு பெயருடையோரும் வாக்கர்களோடு கலந்தனர். அயர்லாந்தில் டக்கர் என்று எழுதிக்கொள்வோர் சிலரின் மூலப்பெயர் ஐரிஷ் மொழிக் குலப்பெயர். தெற்கு இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஃப ஒலி வ ஒலியாகத் திரியும். அதனால் ஃபுல்லர் சில குடும்பங்களில் வாலர் என்பதுபோல் ஒலித்துத் தனிப்பெயராகிவிட்டது.

வாக்கர்கள் ஒரே மூதாதையின் கிளைகளும் இல்லை. ஊர்தோறும் துணி மிதிப்பவர் இருந்ததால் அந்தப் பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே பிறந்தது. இவ்வளவு பரவலான பெயராக அது வளர்ந்ததற்கும் இதுவே காரணம்.

கடலுக்கு அப்பால்

1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா சென்றவர்களில் எட்வர்ட் ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் என்ற சகோதரர்கள் இருந்தனர். சாமுவேல் பிளிமத் குடியேற்றத்தின் மருத்துவர். வர்ஜீனியாவின் தாமஸ் வாக்கர் 1750இல் அப்பலாச்சியன் மலைத்தொடரில் உள்ள கம்பர்லண்ட் கணவாயைக் கடந்தார். மேற்கே குடியேறியவர்கள் பின்னாளில் அந்த வழியாகவே போனார்கள்.

2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்கர் என்ற பெயருடையவர்கள். வரிசையில் 28ஆம் இடம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்கள். யார்க்ஷயரின் தொட்டியில் பிறந்த பெயர் அவர்களை வந்தடைந்ததற்குக் காரணம் அடிமை முறை. அடிமைகளுக்குச் சட்டத்தின் பார்வையில் குடும்பப் பெயர் கிடையாது. சிலர் உடைமையாளரின் பெயரால் அறியப்பட்டனர்; சிலர் விடுதலைக்குப் பின் தாமே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டனர். கறுப்பின மக்கள் அனைவரையும் பெயரோடு பதிந்த முதல் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. அடிமை முறையை எதிர்த்து 1829இல் பாஸ்டனில் 'அறைகூவல்' என்ற சிறு நூலை வெளியிட்டுத் தென்மாநிலங்களை நடுங்கவைத்த டேவிட் வாக்கர், தலைமுடிப் பராமரிப்புப் பொருள்களால் பெருஞ்செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கர், 1983இல் புலிட்சர் பரிசு பெற்ற எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ஆகியோரால் இன்று அமெரிக்காவில் இப்பெயருக்குத் தனி வரலாறே உண்டு. மேடம் வாக்கருக்கு அது கணவர் வழி வந்த பெயர். 1867இல் பிறந்தபோது அவர் சாரா பிரீட்லவ்.

இந்தியாவோடும் இலங்கையோடும் இப்பெயர்களுக்கு உறவு உண்டு. வில்லியம் கேரியை 1793இல் வங்காளத்துக்கு அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் முதல் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர். இலங்கையில் 1820களிலும் 1830களிலும் செடிகொடிகளைத் தேடிச் சேகரித்துப் பிரிட்டனுக்கு அனுப்பியவர்கள் ஜார்ஜ் வாரன் வாக்கரும் அவர் மனைவி அன்னா மரியா வாக்கரும்.

பெயர் மட்டும் மிஞ்சியது

பெயரின் மூலம் மறந்துபோனபின் அது புதுப்புதுப் பொருள்களோடு சேர்ந்தது. 1827இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் உரசித் தீமூட்டும் குச்சியை முதன்முதலில் விற்ற மருந்துக்கடைக்காரர் பெயர் ஜான் வாக்கர். 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக்கடை தொடங்கிய இன்னொரு ஜான் வாக்கரின் பெயர் விஸ்கிப் புட்டியில் ஏறியது. 1908இல் அந்த விஸ்கிக்காக ஓவியர் டாம் பிரவுன் வரைந்த சின்னம், கைத்தடியோடு எட்டி நடைபோடும் கனவான். பெயரின் பழைய பொருளுக்கும் புதிய பொருளுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் வேறில்லை.

ஃபுல்லரின் பயணம் இன்னும் விந்தையானது. கோளவடிவக் கூரைகளுக்குப் புகழ்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1985இல் ஹரால்ட் க்ரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் ஸ்மாலி ஆகியோர் 60 கார்பன் அணுக்கள் பந்துபோல் இணைந்த மூலக்கூறைக் கண்டபோது, அந்தக் கூரைகளை ஒத்திருந்ததால் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1996இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஃபுல்லரீன் என்ற வேதியியல் சொல்லுக்குள் ரோமாபுரியின் துணி மிதிப்பவர் ஒளிந்திருக்கிறார்.

தொழில் 19ஆம் நூற்றாண்டில் பெரிய ஆலைகளுக்குள் அடங்கியது. சிறுநீருக்குப் பதில் சோப்பும் சோடாவும் வந்தன. மரச் சுத்தியலுக்குப் பதில் சுழலும் உருளைகள் வந்தன. லங்காஷயரின் ஹெல்ம்ஷோரில் 1789இல் கட்டப்பட்ட துணி மிதிக்கும் ஆலை இன்று அருங்காட்சியகம். அதன் நீர்ச்சக்கரமும் சுத்தியல்களும் பார்வையாளருக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. வாக்கர் என்ற பெயர் நெருங்கி வழங்கும் வடக்கு மாவட்டங்களில்தான் அந்த ஆலையும் நிற்கிறது.